பழைய வீட்டுத் தரையிலிருந்து கழற்றிய பைன் பலகை: இனம் காண்பதும் வேலை செய்வதும்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், 1910 வாக்கில் கட்டியதாகச் சொல்லப்படும் ஒரு வீட்டை இடித்தபோது கழற்றிய தரைப்பலகைகளை வாங்கியிருக்கிறீர்கள். முக்கால் அங்குலத் தடிமன், மூன்றேகால் அங்குல அகலம், ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் காடி. விற்றவர் அதை ‘ஹார்ட் பைன்’ (heart pine, வைரப் பைன்) என்று சொல்லி அதற்கேற்ற விலையும் வாங்கியிருக்கிறார். அவர் சொன்னது உண்மையா, அதை ஓர் அறைக்குத் தரையாகப் போட்டு மிஞ்சுவதில் ஒரு மேசைப்பலகை செய்ய முடியுமா, உப்புத்தாள் போட்ட சிறிது நேரத்திலேயே பிசின் அடைத்துக்கொள்கிறதே, அதற்கு என்ன வழி என்பவை உங்கள் கேள்விகள். மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது எந்தப் பைன், அதில் வைரம் (மரத்தின் முதிர்ந்த உட்பகுதி) எவ்வளவு, பிசின் எவ்வளவு என்பது தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகளெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

நம்மில் பலருக்குப் பைன் என்றாலே துறைமுகத்தில் வந்து இறங்கும் பேக்கிங் பெட்டிதான் நினைவுக்கு வரும். நகம் பட்டாலே தடம் விழும் மரம் என்ற எண்ணம் அதனால் வந்தது. அமெரிக்கத் தென்கிழக்கின் பழைய பைன் அந்த ரகம் அன்று. தென்கிழக்கு வர்ஜீனியாவிலிருந்து கிழக்கு டெக்சஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கரில் லாங்லீஃப் பைன் காடுகள் ஒரு காலத்தில் பரவியிருந்தன. முதலில் கப்பல்களுக்கான தாருக்கும் டர்பன்டைனுக்கும் அவற்றைப் பயன்படுத்தினார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் ரயில் பாதைகள் காட்டுக்குள் நுழைந்ததும், 1870களிலிருந்து 1920கள் வரையிலான அரை நூற்றாண்டில் முதிர்ந்த மரங்களை ஏறக்குறைய முழுவதுமாக வெட்டித் தீர்த்துவிட்டார்கள். நியூ இங்கிலாந்துப் பஞ்சாலைகளின் உத்தரங்களும், கிழக்குக் கடற்கரை நகரங்களின் கிடங்குகளும், நீங்கள் வாங்கியது போன்ற வீட்டுத் தரைகளும் அந்த மரத்தில் எழுந்தவை. இன்று அதே இனத்தைத் தோட்டமாக வளர்த்து அறுத்தாலும் அந்தப் பலகை கிடைப்பதில்லை. சத்தில்லாத மணற்பாங்கான நிலத்தில் நூற்றாண்டுக்கணக்கில் மெதுவாகப் பருத்ததால் வந்த நெருக்கமான வளையமும் அகன்ற வைரமும் முப்பது ஆண்டில் அறுக்கப்படும் மரத்துக்கு வருவதற்கில்லை.

இனி இனம் காண்பதற்கு வருவோம். நிறத்தை நம்பாதீர்கள். தேனும் செம்மையும் கலந்த நிறம்தான் ஹார்ட் பைனின் அடையாளம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால், நூறு ஆண்டு வெளிச்சமும் அரக்குப் பாலிஷும் பட்ட எந்த ஊசியிலை மரமும் அந்த நிறத்துக்கு வந்துவிடும். பலகையின் முனையில் அரை அங்குலத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, புதிதாகத் தெரியும் முனைமுகத்தைத்தான் பார்க்க வேண்டும். அறுத்த முகம் ரம்பத்தின் கீறல்களால் மங்கியிருக்கும். புது சவர பிளேடால் ஒரு விரல் அகலத்துக்குச் சீவி, துளி நீர் தடவி, பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.

ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த வெளிர்ப்பட்டையும் கோடையில் வளர்ந்த கரும்பட்டையும் இருக்கும். தென்பகுதியின் மஞ்சள் பைன்களில், அதாவது லாங்லீஃப், ஷார்ட்லீஃப், லாப்லாலி, ஸ்லாஷ் ஆகிய நான்கிலும், வெளிர்ப்பட்டை சட்டென்று முடிந்து கரும்பட்டை கோடு கிழித்தாற்போல் தொடங்கும். அந்தக் கரும்பட்டைகளிலும் அவற்றின் ஓரங்களிலும் ஊசிமுனைப் புள்ளிகளாகப் பிசின் நாளங்கள் ஏராளமாகத் தெரியும். ஈஸ்டர்ன் ஒயிட் பைனில் நாளங்கள் உண்டு, ஆனால் வெளிர்ப்பட்டை மெல்ல மெல்லக் கருத்து முடியும். இரண்டுக்கும் இடையே கோடு இராது. மற்றோர் ஊசியிலை மரமான டக்ளஸ் ஃபரில் கோடு கூர்மையாக இருக்கும், எனவே அவசரப் பார்வையில் ஏமாற்றும். ஆனால் அதன் பிசின் நாளங்கள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் குறைந்தவை, பல இடங்களில் வளையத்தை ஒட்டி இரண்டு மூன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தில் இயல்பான பிசின் நாளமே கிடையாது. அறுக்கும்போது எழும் வாசனையும் உதவும். மஞ்சள் பைனில் டர்பன்டைன் நெடி மூக்கைத் துளைக்கும், டக்ளஸ் ஃபரின் மணம் வேறு.

கைக்கண்ணாடி இல்லாதவர்களுக்குச் சமையலறைத் தராசு போதும். உங்கள் அளவுள்ள பலகையில் சரியாக மூன்றடி நீளத்தை வெட்டி நிறுத்துப் பாருங்கள். உலர்ந்த நிலையில் லாங்லீஃப் என்றால் 950 கிராமை ஒட்டி வரும். பிசின் ஊறிய வைரமானால் ஒரு கிலோவைத் தாண்டும். லாப்லாலியோ ஷார்ட்லீஃபோ என்றால் 820 கிராம் அளவில் நிற்கும், டக்ளஸ் ஃபர் அதற்கும் சற்றுக் கீழே, ஒயிட் பைன் 560 கிராம் அளவுதான். மரத்துக்கு மரம் ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் ஒரு பலகையை வைத்து முடிவு கட்டாமல், கட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த சில துண்டுகளை நிறுத்துப் பார்ப்பது நல்லது. கடினத்திலும் இதே வரிசைதான். சிறு எஃகுக் குண்டைப் பாதிவரை மரத்தில் அழுத்தத் தேவைப்படும் விசையை அளக்கும் ஜான்கா சோதனையில் ஈஸ்டர்ன் ஒயிட் பைன் 380 பவுண்டும், லாப்லாலி 690 பவுண்டும், லாங்லீஃப் 870 பவுண்டும் பெறுகின்றன. விளம்பரங்களில் ஹார்ட் பைனுக்கு 1225 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். தேர்ந்தெடுத்த அடர்த்தியான பழைய மரத்துக்குச் சொல்லப்படும் எண் அது, எல்லாப் பலகைக்கும் பொருந்தாது.

அடுத்து, முனைமுகத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை வளையம் என்று எண்ணுங்கள். வளையங்களுக்குக் குறுக்காக, செங்குத்தாக அளவுகோலை வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் எண்ணிக்கை குறைந்து தெரியும். இன்றைய தோட்ட மரத்தில் நான்கு முதல் எட்டு வரை இருக்கும். கட்டுமான மரத்தைத் தரம் பிரிக்கும் இன்றைய விதிகளில் ஆறு வளையமும் மூன்றில் ஒரு பங்கு கரும்பட்டையும் இருந்தாலே ‘அடர்த்தியான’ மரம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். பழங்காட்டு மரத்தில் இருபதைத் தாண்டுவது சாதாரணம். அப்படி இருந்தால் அது முதிர்ந்த காட்டின் மரம் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் லாங்லீஃப்தான் என்று அப்போதும் சொல்ல முடியாது. மஞ்சள் பைன்களின் மரத்தை மட்டும் வைத்து இனத்தை உறுதியாகப் பிரிக்க முடியாது என்பது மர அறிவியலில் நிலைபெற்ற செய்தி. நடுச்சோறு (மரத்தின் நட்டநடுவில் உள்ள மென்பகுதி) துண்டில் இருந்தால் அதன் பருமனையும் இரண்டாம் வளையத்தின் விட்டத்தையும் வைத்து லாங்லீஃபைப் பிரிக்கும் ஒரு முறை உண்டு. உத்தரங்களுக்கு அது பயன்படும். தரைப்பலகையில் நடுச்சோறு வருவது அரிது.

ஆகவே ‘ஹார்ட் பைன்’ என்பதை இனத்தின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வைரத்தின் அளவைச் சொல்லும் வணிகப் பெயர். பலகையின் முகத்தில் எத்தனை பங்கு செம்மை படர்ந்த வைரம், எத்தனை பங்கு அதைச் சுற்றியுள்ள வெளிறிய வெள்ளைப்பகுதி என்று பாருங்கள். விலை பேச வேண்டியது அதற்குத்தான். இருபது வளையமும் முக்கால் பங்கு வைரமும் இருந்தால், அது லாங்லீஃபானாலும் ஷார்ட்லீஃபானாலும் நீங்கள் கொடுத்த பணம் வீண் போகவில்லை.

ஆணிகளையும் வயதுக்குச் சாட்சியாகக் கேட்பதுண்டு. தகட்டிலிருந்து வெட்டிய ஆணி இரண்டு பக்கம் ஒடுங்கியும் இரண்டு பக்கம் இணையாகவும், மொட்டை முனையோடும் இருக்கும். உருண்டைக் கம்பி ஆணி 1890களில்தான் பரவலானது. ஆனால் தரை அடிப்பதற்கு மட்டும் வெட்டாணியை அதற்குப் பிறகும் விடாமல் பயன்படுத்தினார்கள், பிடிப்பு நன்றாக இருக்கும் என்பதால். எனவே உங்கள் பலகையில் வெட்டாணி இருப்பது 1910 என்ற கணக்குக்கு முரணானதன்று, அதற்கு ஆதாரமுமன்று.

வேலையில் இறங்குவதற்கு முன் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப் பெயின்ட் 1978இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்திய வீட்டிலிருந்து வந்த பலகையில் பெயின்டோ பழைய வார்னிஷோ இருந்தால், ஈயம் இல்லை என்று சோதனையில் தெரியும்வரை அதன்மேல் உப்புத்தாள் இயந்திரத்தை வைக்கவே கூடாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இதில் சமாதானத்துக்கே இடமில்லை. பலகையின் முகத்தில் கருப்பான தார் போன்ற பசை ஒட்டியிருந்தால் அதுவும் ஆபத்துதான்; ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளை ஒட்டப் பயன்பட்ட அத்தகைய பசையிலும், பழைய லினோலியத்தின் அடித்தாளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. ஒரு துண்டை ஈரத்துடன் பையில் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு தொடுங்கள். அந்தப் பலகைகளைத் தள்ளிவிட்டு மற்றவற்றில் வேலை செய்வதே நான் சொல்லக்கூடிய வழி.

பூச்சியையும் பார்த்துவிடுங்கள். ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் அகல வட்டத் துளைகள் மரத்துளைப்பான் வண்டுகளின் வேலை. நீள்வட்டமாக அதைவிடப் பெரிதாக இருந்தால் அது நீளக்கொம்பு வண்டு. இரண்டும் விரும்புவது வெள்ளைப்பகுதியைத்தான். துளை பழையதாயிருப்பதில் குற்றமில்லை. பலகையைத் தட்டும்போது வெளிறிய புதுத் தூள் கொட்டினால் மட்டும் அதை வீட்டுக்குள் கொண்டுவராமல், உலர்சூளை வைத்திருக்கும் மரக்கடையில் கொடுத்து வெப்பமூட்டி வாங்குங்கள். அந்தச் சூளைக்கு இன்னொரு பயனும் உண்டு, பிசினைப் பேசும்போது சொல்கிறேன்.

ஆணி எடுப்பதில்தான் பலரும் பலகையைக் கெடுக்கிறார்கள். நாக்கின் வழியாகச் சாய்வாக அடித்த ஆணியைப் பின்புறத்திலிருந்து சுத்தியலால் தட்டி வெளியேற்றினால், அதன் தலை எழும்போது நாக்கையும் பெயர்த்துக்கொண்டு வரும். நூறாண்டு உலர்ந்த கரும்பட்டை கண்ணாடி போல் நொறுங்கக் கூடியது. மாறாக, பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் குறடால் பிடித்து, குறடைப் பலகையின்மேல் உருட்டி, ஆணித்தலையை மரத்துக்குள்ளாகவே இழுத்துப் பின்பக்கம் எடுத்துவிடுங்கள். சிறு தலை என்றால் தடையின்றி வரும். முகத்தில் அடித்த ஆணியானாலும் இதே முறைதான். முகத்தில் மிஞ்சும் துளை சிறிதாக, விளிம்பு சிதறாமல் இருக்கும். முனை உடைந்து உள்ளேயே நின்றுவிட்டால், தரைக்கு என்றால் ஆழத் தட்டி விட்டுவிடலாம், இழைப்பு இயந்திரத்துக்குப் போகும் பலகையில் விடக் கூடாது. எல்லாம் எடுத்தாயிற்று என்று தோன்றிய பிறகும் மெட்டல் டிடெக்டரை இருபுறமும் ஒருமுறை ஓட்டுங்கள். காடிக்குள் இறுகிய மண்ணும் மெழுகும் ஆணிக்கு நிகராகக் கத்தியைக் கெடுக்கும். ஒரு பழைய திருப்புளியை காடியின் அகலத்துக்குத் தேய்த்து வைத்துக்கொண்டு நீளவாக்கில் சுரண்டினால் கருப்பு நூல்போல் அது கழன்று வரும்.

தரையாகப் போடுவதானால், நாக்குக்கு மேலே எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது என்று முனையில் பாருங்கள். முன்னரே இரண்டு மூன்று முறை தேய்க்கப்பட்ட தரையில் காடியின் மேலுதடு மெலிந்திருக்கும். மெலிந்த உதடு நடக்க நடக்கப் பிளக்கும். அந்தப் பலகைகளை மேசைக்கு ஒதுக்குங்கள். நாக்கையும் காடியையும் அறுத்துவிட்டால் மூன்று அங்குலத்தை ஒட்டிய அகலம் கிடைக்கும். தேயாத அடிப்பக்கத்தை மேல்முகமாகத் திருப்பிக்கொள்ளலாம். ஒட்டும் விளிம்பை அன்றே இழைத்து அன்றே ஒட்ட வேண்டும், ஏனென்றால் நாள் கழிந்தால் பிசின் மேலே கசிந்து பசையை ஏற்காது. பிசின் மிகுந்த பலகையானால் விளிம்பை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் சற்று ஆறியதும் ஒட்டுங்கள்.

ஈரப்பதத்தை அளக்காமல் தரை போடாதீர்கள். வெளிக்கொட்டகையில் கிடந்த பலகை, சூடேற்றும் வீட்டுக்குள் வந்தால் சுருங்கத்தான் செய்யும். சட்டங்களுக்கு நடுவே காற்றோட்டமாக அடுக்கி, அந்த அறையிலேயே வைத்து, மீட்டரில் எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருங்கள். நாள் கணக்கு வைத்துக் காத்திருப்பதில் பொருளில்லை. மூன்று அங்குலத்துக்குக் குறைந்த பலகைக்கும் அடித்தரைக்கும் ஈரப்பத வித்தியாசம் 4 சதவீதப் புள்ளிக்குள்ளும், மூன்று அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள பலகைக்கு 2 புள்ளிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது தரை போடுபவர்களின் விதி. உங்களுடையது மூன்றேகால் என்பதால் இரண்டாவது விதியில் விழுகிறது. கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: வளையங்கள் படுக்கையாக ஓடும் மூன்றேகால் அங்குல லாங்லீஃப் பலகை, ஈரம் 4 புள்ளி இறங்கினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் சுருங்கும். வளையங்கள் செங்குத்தாக நிற்கும் பலகை அதில் மூன்றில் இரண்டு பங்குதான் சுருங்கும். ஒரு பலகை இடுக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது சிறிதாகத் தோன்றலாம், அறை முழுவதும் அதே இடுக்கு வரும்போது தெரியும். செங்குத்து வளையப் பலகைகளைப் பிரித்து எடுத்து, அதிகம் நடக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை தேய்வதும் சீராக இருக்கும்.

இனி உப்புத்தாள். நீங்கள் சொல்லும் அடைப்புக்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். பழைய மெழுகும் பாலிஷும் உருகி அடைப்பது ஒன்று; மரத்தின் பிசினே வெப்பத்தில் இளகி அடைப்பது இன்னொன்று. மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த துணியை ஒரு நிமிடம் வையுங்கள். பாலிஷ் இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு. ஸ்பிரிட்டில் கழுவியோ சுரண்டித்தகட்டால் இழுத்தோ முதலில் எடுத்துவிட்டால் தாளுக்கு வேலை பாதியாகும். அசையாமல் இருந்தால் வார்னிஷ். பிசினுக்கு மருந்து வெப்பத்தைக் குறைப்பதுதான். மணிகள் இடைவிட்டு ஒட்டப்பட்ட தாளை, 36ஆம் எண்ணிலிருந்து தொடங்கி, இயந்திரத்தை அழுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். நுண்ணிய தாளில் தொடங்கினால் தேய்ப்பதைவிடச் சூடாக்குவதே அதிகம். பிறகு 60, 80, 100 என்று போய் அங்கே நிறுத்திவிடலாம். தாளின் பின்னே மெத்தென்ற பஞ்சுத்தட்டு இருக்கக் கூடாது. இருந்தால், மென்மையான வெளிர்ப்பட்டையைத் தாள் தோண்டிவிட்டுக் கரும்பட்டையை மேடாக விட்டுவிடும். பாலிஷ் போட்ட பிறகு சாய்ந்த வெளிச்சத்தில் தரை முழுவதும் அலையடிக்கும். மேசைக்குக் கை இழைப்புளியே மேல். நன்றாகத் தீட்டிய இழைப்புளி இந்த மரத்தில் கண்ணாடி மினுக்கம் தரும், தூளும் பறக்காது. அடிப்பகுதியில் பிசின் ஒட்டத் தொடங்கினால் மண்ணெண்ணெய் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். ரம்பத்துக்கும் அதே வைத்தியம்.

சில பலகைகளில் தேய்த்துப் பல நாள் கழித்தும் பிசின் துளிர்க்கும், குறிப்பாகக் கணுவைச் சுற்றியும் வெயில் விழும் சன்னல் ஓரத்திலும். நூறாண்டில் மேல்பரப்பின் பிசின் இறுகியிருக்கும், ஆனால் ஆழத் தேய்க்கும்போது புதுப் பிசின் வெளிப்படுகிறது. சூளையில் 71 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமேற்றினால் எளிதில் ஆவியாகும் பகுதி வெளியேறி, எஞ்சியது இறுகிவிடும். பழைய உத்தரத்திலிருந்து புதிதாக அறுத்த பலகைக்கு இது கட்டாயம் என்பேன். உங்கள் பலகைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. துளிர்க்கும் இடத்தைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை (அரக்குப் பாலிஷை) ஒரு கை பூசினால் அடங்கிவிடும்.

அந்த ஷெல்லாக் பூச்சைத் தரை முழுவதற்குமே முதல் பூச்சாகப் போடும்படி சொல்வேன். பிசின் மிகுந்த வைரத்தின்மேல் எண்ணெய் அடிப்படையிலான பாலியூரித்தேன் என்ற மேல்பூச்சு இடத்துக்கு இடம் உலராமல் பிசுபிசுத்து நிற்பதுண்டு. நடுவே ஷெல்லாக் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. மேலே எண்ணெய் வகையும் போடலாம், நீர் வகையும் போடலாம். நீர் வகையில் ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்ளுங்கள். அது இடுக்கில் இறங்கிப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால், குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு பலகை சேர்ந்து சுருங்கி, ஓரிடத்தில் அகலமான விரிசல் விழும். ஷெல்லாக் இடுக்கை ஓரளவு அடைத்து அதையும் குறைக்கிறது. சாயம் மட்டும் பூசாதீர்கள். வெளிர்ப்பட்டை சாயத்தை உறிஞ்சும், கரும்பட்டை உறிஞ்சாது. கடைசியில் வெளிர்ந்தது கருத்தும் கருத்தது வெளிர்ந்தும் மரத்தின் ரேகை தலைகீழாகத் தெரியும். இந்த மரத்துக்குச் சாயம் தேவையுமில்லை. தேய்த்த உடன் ஆரஞ்சுச் சாயலில் இருப்பது, வெளிச்சம் பட்டுச் சில மாதங்களில் தானாகச் சிவந்துவிடும். அதுவரை தரைவிரிப்புப் போடாதீர்கள், அதன் வடிவம் வெளிறிய தடமாக விழும்.

எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது நீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். மிஞ்சும் வைரச் சீவல்களும் முனைத்துண்டுகளும் பிசின் ஊறியவை என்பதால் வெளியடுப்பு மூட்ட அருமையாக உதவும், நனைந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும். உள்ளே கணப்பில் ஓரிரு துண்டுக்கு மேல் போட்டால் புகைபோக்கியில் கரி படியும். பெயின்ட்டோ கருப்புப் பசையோ பட்ட துண்டுகளை எங்கும் எரிக்கக் கூடாது. உங்கள் மாவட்டத்தின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.